மூணு மணிக்குப் பொழி முறியும்

2024ஆம் ஆண்டு ஜூன் இருபத்தாறாம் நாள், புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபத்திரண்டு நிமிடம். மழை இன்னும் நிற்கவில்லை, தூறலாக இளைத்திருந்தது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டின் தென்கோடியில் கல்யாணராமன் குடையும் கையுமாக நின்று, ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன் தானும் மனைவியும் நடந்துவந்த வழியைத் தேடிக்கொண்டிருந்தான். வழி இருந்த இடத்தில் முப்பதடி அகலத்துக்குப் பழுப்புநிற வெள்ளம் கடலை நோக்கிப் பாய்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெட்டியளவு மணல் விளிம்பிலிருந்து பெயர்ந்து விழுந்தது. அக்கரையில் ஒரு ஜேசிபி வேலை முடித்துக் கையை மடக்கி நின்றது. அதைச் சுற்றிக் குடை பிடித்த கூட்டம் வெள்ளத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. இப்போது இவர்களையும் சேர்த்து எடுத்தது.

வடக்கே ஆற்றின் இன்னொரு சிறு வாய் போன வாரமே திறந்திருந்ததை வரும்போதே பார்த்திருந்தார்கள். ஆகவே நான்கு பக்கமும் தண்ணீர்.

ஜானவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

“நான் வண்டியை நிறுத்தப் போனப்போ, கரையில அந்த மழைக்கோட்டுக்காரர் உங்ககிட்ட என்ன சொன்னார்? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கோ. உங்க தமிழ்ல வேண்டாம்.”

“மூணு மணிக்குப் பொழி முறியும், சாரே, கேட்டல்லோன்னார்.”

“நீங்க?”

“கேட்டேன்னேன்.”

ஜானவி வெறுங்காலால் மணலை ஓங்கி மிதித்தாள். “இதாக்கும் பொழி! ஆத்து வாயை அடைச்சிண்டு கெடக்கற இந்த மணல். வெள்ளம் ஏறினா வெட்டி விட்டுடுவா. இல்லேன்னா அந்தப் பக்கத்து வீடெல்லாம் முங்கிப் போயிடும். அவர் உங்களுக்கு டைம் சொல்லியிருக்கார். நீங்க எங்கிட்ட வந்து, மூணு மணிக்கு மழை விட்டுடுமாம்கறேள்!”

தன் தர்க்கத்தில் பிழை எங்கே நுழைந்தது என்று கல்யாணராமன் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தான். பொழி என்பது முதனிலைத் தொழிற்பெயர், பொழிவது மழை, முறிதல் என்றால் தொடர்ச்சி அறுதல். ஆகவே மூன்று மணிக்கு மழை நிற்கும். படிகள் யாவும் சரியாகவே இருந்தன. தஞ்சாவூரில் பிறந்து, பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் அவன். திருமணத்துக்குப் பின் மனைவியின் ஊருக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியும் மலையாளம் படிக்கவில்லை. விகுதி உதிர்ந்த தமிழ்தானே, எழுத்துக்கூட்டினால் விளங்கிவிடும் என்பது அவன் எண்ணம். ஜானவி இங்கே வலியசாலை அக்கிரகாரத்தில் பிறந்தவள், வங்கியில் வேலை. வாய்க்கு முதலில் எந்த மொழி வருகிறதோ அதில் பேசி முடித்துவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விடுவாள்.

அவர்கள் இங்கே வந்ததே பேசுவதற்காகத்தான். வீட்டில் அவனுடைய அம்மா இருந்தாள். அக்கிரகாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறு வயசு’ என்பார்கள். ஜானவி அரைநாள் விடுப்புப் போட்டு, ஸ்கூட்டரில் அவனை ஏற்றிக்கொண்டு கடலோரம் வந்திருந்தாள். மழைக்கு ஒதுங்கிய மீனவர் கொட்டகையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தும் பேச்சு தொடங்கவில்லை. அலை இரைச்சலில் ஜேசிபியின் சத்தமும் கேட்கவில்லை.

பேச வேண்டியது அவன் சட்டைப்பைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் அவர்களுடைய இரண்டு கருக்கள் உறைநிலையில் இருந்தன. மூன்று முறை முயன்று மூன்றும் கலைந்த பிறகு எஞ்சியவை. அவற்றை இன்னும் ஓராண்டு வைத்திருப்பதா, முடித்துக்கொள்வதா என்று படிவத்தில் குறியிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, இன்று மாலை ஆறு மணிக்குள் தர வேண்டும். தராவிட்டால் மருத்துவமனையே முடித்துவிடும். பதினாறு நாளுக்கு முன்பே ஜானவி ‘முடித்துக்கொள்கிறோம்’ என்பதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்றுமுதல் கல்யாணராமன் அந்தப் படிவத்தின் தமிழைப் பென்சிலால் திருத்திவந்தான். மலையாளத்திலிருந்து யாரோ பெயர்த்திருந்தார்கள். ‘தம்பதியர் இருவரும் ஒப்பிட்டுத் தரவும்’ என்றிருந்தது. ஒப்பிடுவது இங்கே கையெழுத்திடுவதாம். அதை அடித்து, ‘கையொப்பமிட்டு’ என்று எழுதினான். ஆறு பிழைகள் திருத்தினான். தன் பெயருக்கு நேரே இருந்த கோட்டை மட்டும் தொடவில்லை.

அக்கரையிலிருந்து மழைக்கோட்டுக்காரர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார். “அவிடெத் தன்னெ நில்லு! வெள்ளத்தில் எறங்கண்டா! வள்ளம் வரும்!”

“எப்போ?” என்று ஜானவி கத்தினாள்.

“ஒழுக்கு கொறயட்டே!”

“வேகம் கொறஞ்சாத்தான் படகு வருமாம்” என்று அவள் கணவனிடம் சொன்னாள். “இதையும் நீங்களே அர்த்தம் பண்ணிக்காதேங்கோ.”

கல்யாணராமனுக்கு நிற்க முடியவில்லை. திட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எண்ணிக்கொண்டு நடந்தான். இருநூற்றுப்பத்து அடிகள். திரும்பி நடந்தபோது இருநூற்று நான்கு. எண்ணியதில் பிழையா, மணல் கரைகிறதா என்று உறுதிசெய்ய மூன்றாம் முறை புறப்பட்டான்.

“எங்க போறேள்? அங்க கடல்தான் இருக்கு. வந்து உக்காருங்கோ.”

உட்கார்ந்தான். உடனே கடிகாரத்தைப் பார்த்தான். “நாலு ஆயிடுத்து. படகு வந்து, வண்டி எடுத்து, அந்த டிராபிக்ல… ஆறு மணிக்குள்ள முடியாது ஜானு. நாம என்ன பண்ண முடியும்?”

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருந்த நிம்மதி அவன் காதுக்கே கேட்டது. ஜானவிக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மருத்துவமனையின் செவிலியை அழைத்தாள்.

“பிந்து சிஸ்டரே, ஞான் ஜானவியாணு. ஞங்ஙள் ஒரு ஸ்தலத்து பெட்டுபோயி. ஆறுமணிக்கு எத்தில்ல.”

“அய்யோ சேச்சி, அது சாரமில்ல. ஒப்பிட்டிட்டு ஒரு போட்டோ எடுத்து அயச்சா மதி. ஒரிஜினல் நாளெ தந்நா மதி.”

“புரிஞ்சுதா?” என்றாள் ஜானவி.

“புரிஞ்சுது. கையெழுத்துப் போட்டு போட்டோ அனுப்பினாப் போறும், ஒரிஜினல் நாளைக்கு.”

“அப்போ போடுங்கோ.”

“போடாட்டாலும் ஆறு மணிக்கு அதுவா முடியத்தானே போறது? என் கையெழுத்தால என்ன மாறப்போறது?”

அவள் சிரித்தாள், அதில் கேலி குறைவாகவும் களைப்பு அதிகமாகவும் இருந்தது. “எல்லாம் மாறும். நாளைக்கு உங்கம்மா கேப்பா. ‘ஜானவி கையெழுத்துப் போட்டுட்டா’ம்பேள். பொய்யே இல்லை, சுத்த இலக்கணம். எழுவாய் ஜானவி. இன்னும் பத்து வருஷம் கழிச்சும் அதைத்தான் சொல்லுவேள். இல்லேன்னா மழை வந்துடுத்து, படகு வரலைம்பேள். முப்பது ஊசி ஒரு தடவைக்கு. மூணு தடவை நான் தனியாக் கெடந்தேன். இதையும் நான் தனியாப் பண்ணணுமா?”

அவனுக்குப் பல பதில்கள் தோன்றின. ஒவ்வொன்றும் முறையாக அமைந்த வாக்கியமாகவே வந்தது. ஒவ்வொன்றிலும் அவன் எழுவாயாக இல்லை.

“எனக்கு ஆசை இருந்தது, ஜானு” என்றான் கடைசியில்.

“தெரியும். எனக்கும்தான். அதை ஏன் பதினாறு நாளாச் சொல்லலை?”

“சொன்னா நீ இன்னொரு தடவை ஒத்துண்டுடுவியோன்னு பயமா இருந்தது.”

ஜானவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடலில் மழைத்திரை ஒன்று மெல்ல நகர்ந்தது. அக்கரையில் யாரோ விசிலடித்தார்கள். “ஹனிமூனாணோ?” என்று ஒரு குரல் கேட்டது, கூட்டம் சிரித்தது.

“என்ன கேக்கறான்?”

“இது உங்களுக்கே புரியும்.”

புரிந்தது. அவனும் சிரித்துவிட்டான்.

“இதுக்கப்பறம் நாம ரெண்டு பேர்தான்” என்றாள் அவள், அவனைப் பாராமல். “உங்களுக்கும் எனக்கும் எதுலயும் ஒத்துப் போறதில்லை. அப்படியே இருக்க முடியுமா? யோசிச்சுச் சொல்லுங்கோ. தெரியலைன்னாலும் சொல்லுங்கோ.”

“தெரியலை” என்றான் கல்யாணராமன். அவன் அந்தச் சொல்லை யாரிடமும் எளிதில் சொல்பவனல்லன்.

குடையை அவளிடம் கொடுத்தான். உறையிலிருந்து படிவத்தை எடுத்து முழங்காலில் விரித்து, காற்றுக்கு இடதுகையால் அழுத்திப் பிடித்தான். அவள் குடையை அவன் தலைக்கு மேலே பிடிக்காமல் காகிதத்துக்கு மேலே பிடித்தாள். கோடு முழங்கால் எலும்பின்மேல் விழுந்ததால் எழுத்துகள் நடுங்கி வந்தன. ‘கல்யாண’ கோட்டுக்கு மேலும் ‘ராமன்’ கோட்டுக்குக் கீழுமாக விழுந்தன. இரண்டு துளிகள் மையில் பட்டுப் பரவின. வேறு எந்தக் காகிதமாக இருந்தாலும் கிழித்துவிட்டு மறுபடி எழுதியிருப்பான். தேதியும் போட்டான்.

அக்கரையில் சிலர் குடைகளை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஆற்றுப் பக்கமாக ஒரு வள்ளத்தை மணலில் இழுத்துவரத் தொடங்கியிருந்தார்கள். ஏலோ என்று குரல் கொடுப்பதும் நிற்பதும், மறுபடி கொடுப்பதுமாக இருந்தது. படிவத்தைப் படமெடுக்க ஜானவி கைபேசியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, வலதுகையைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். போதாதென்று உள்ளங்கையைத் திருப்பி இன்னொரு முறை துடைத்துவிட்டு நீட்டினாள். அவன் காகிதத்தை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தான்.