பச்சைப் புள்ளி

காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சல்லடை. மோதிய வண்டிக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது அவள் வேலை. பக்கவாட்டில் இடிபட்ட வண்டிக்கு முன்விளக்கு ஏன் உடைந்தது, மழையில் சறுக்கியது என்கிறீர்களே, சக்கரத்தில் எப்படிக் காய்ந்த புழுதி என்று அவள் ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "உன் கண்ணுல மண்ணைத் தூவணும்னா, அந்த மண்ணையே முதல்ல உன்கிட்ட காட்டி கையெழுத்து வாங்கணும்" என்று மேலாளரே கேலி செய்வார். அவளுக்கு அதில் பெருமைதான். ஒரே சிக்கல், சாயங்காலம் கிளம்பும்போது மற்ற எல்லாவற்றையும் மேசையிலேயே விட்டுவிட்டு வருபவள், சந்தேகத்தை மட்டும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

வீட்டில் அவளுக்கு ஒரே பொழுதுபோக்கு 'மும்முனை'. கைபேசியில் ஆடுகிற போர் விளையாட்டு. எதிரும் புதிருமாக இரண்டு கோட்டைகள், நடுவே மூன்று பாதைகள், ஆளுக்கு எட்டு வீரர்கள். ஒரு வீரனைக் களத்தில் இறக்க இவ்வளவு சக்தி என்று கணக்கு உண்டு. அந்தச் சக்தி திரையின் ஓரத்தில் ஒரு குழாயில் சொட்டுச் சொட்டாக நிரம்பும். நிரம்ப நிரம்ப இறக்க வேண்டும். யார் கோட்டை முதலில் சரிகிறதோ அவர் தோற்றார். வீரர்களுக்கு வலு ஏற்ற இரண்டு வழி. ஆடி ஆடி மெதுவாக ஏற்றலாம். இல்லையென்றால் விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் காசு கொடுத்து மாணிக்கக் கல் வாங்கி ஒரே மூச்சில் ஏற்றலாம். சல்லடை இரண்டாவது கட்சி. போனஸ் வந்தால் கல், பிறந்தநாள் வந்தால் கல், மனசு சரியில்லை என்றால் கட்டாயம் கல். அவளுடைய இரும்பு யானை களத்தில் இறங்கினால் பாதி எதிரிகள் பாதியிலேயே ஓடிவிடுவார்கள். அவளே ஆரம்பித்த குழுவுக்கு அவள்தான் தலைவி.

அந்தக் குழுவில் கடைசி ஆளாகச் சேர்ந்தவள் மைனா. சல்லடையின் நாத்தனார். ஓயாமல் பேசுவாள் என்பதால் பிறந்த வீட்டில் வைத்த செல்லப்பெயர் அது. இயன்முறை மருத்துவம் படித்தவள். விழுந்து எழுந்தவர்களுக்கும் மூட்டு தேய்ந்தவர்களுக்கும் நடை பழக்குவது அவள் தொழில். வேலை மாற்றலாகி வந்து, அண்ணன் வீட்டுப் பின்னறையில் பெட்டியை இறக்கினாள். அண்ணி ஆடுவதை இரண்டு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "நானும் வரட்டுமா அண்ணி?" என்றாள்.

"வாயேன். ஆனா கல்லு வாங்காம மேல வர முடியாதும்மா. இப்பவே சொல்லிடறேன்" என்றாள் சல்லடை.

"பார்ப்போம் அண்ணி."

அந்தப் 'பார்ப்போம்' சல்லடைக்கு அப்போதே உறுத்தியது. உறுத்தியது சரிதான் என்பதுபோல மைனா மளமளவென்று ஏறினாள். குழுவின் பட்டியலில் அடியில் கிடந்த பெயர் நடுவுக்கு வந்தது, நடுவிலிருந்து தலைவியின் காலடிக்கு வந்தது, ஒரு நாள் காலையில் தலைவியின் தலைக்கு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. குழுக்களுக்கு இடையிலான கோப்பைப் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் குழுவைக் கரையேற்றியது அவள்தான். "தலைவி, இந்த முத்தை எங்கே பிடிச்சீங்க?" என்று குழுவினர் எழுதினார்கள். சல்லடை ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பிவிட்டுப் பல்லைக் கடித்தாள்.

மைனாவின் வீரர்களோ சோப்ளாங்கி வீரர்கள். ஒரு ஒல்லி வில்லாளன், ஒரு கிழட்டு ஈட்டிக்காரன், எவரும் சீண்டாத ஒரு தவளை. இதை வைத்துக்கொண்டு எப்படி ஜெயிக்க முடியும்? நெருப்பில்லாமல் புகையுமா?

முதல் சந்தேகம் தன் வங்கி அட்டைமேல் போனது. வீட்டில் பொதுவாகக் கிடந்த பழைய டேப்லெட்டில் அட்டையின் எண் பதிந்திருந்தது. ஒருவேளை அதிலிருந்து கல் வாங்குகிறாளோ? வங்கிக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டினாள். வாங்கியிருந்ததெல்லாம் தானே வாங்கியது. மொத்தத் தொகையைப் பார்க்கவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது, மூடிவிட்டாள்.

அடுத்து, திருட்டு மென்பொருள். மைனா குளிக்கப் போன நேரம் மேசையில் கிடந்த கைபேசியைக் கையில் எடுத்தாள். பூட்டியிருந்தது. பூட்டியிருப்பதே ஒரு தடயமாகத் தோன்றியது. தன் கைபேசியும் எப்போதும் பூட்டித்தான் இருக்கும் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

"என்ன அண்ணி, சார்ஜ் போடணுமா?" தலையில் துண்டோடு வாசலில் நின்றாள் மைனா.

"இல்ல... உறை நல்லாருக்கேன்னு பார்த்தேன்."

"உங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரேன்" என்றாள் மைனா. சொன்னபடி மறுநாளே வாங்கியும் வந்தாள். ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று அதற்கும் சந்தேகப்பட்டாள் சல்லடை.

கடைசியில் அவள் கையில் சிக்கியது ஒரு பச்சைப் புள்ளி. விளையாட்டுக்குள் யார் இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் அது எரியும். ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு முன் சும்மா திறந்து பார்த்தபோது மைனாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை. அவள் மருத்துவமனையில் வேலைநேரத்தில் கைபேசியை அலமாரியில் பூட்டிவிட வேண்டும் என்று எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள்! அப்படியானால் உள்ளே இருப்பது யார்?

அடுத்த செவ்வாயும் அதேபோல் எரிந்தது. சல்லடை அனுமதி வாங்கிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போனாள்.

"தோள்பட்டை வலிக்குதும்மா. நீயே ஒரு தடவை பாரேன்."

அந்த நீளமான கூடத்தில் சுவரோரம் இரட்டைக் கம்பிகள். நடுவே ஒரு பெரியவர் இருபுறமும் பிடித்தபடி அடிவைக்க, மைனா அவருக்கு எதிரே பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். பார்வை முழுக்க அவர் இடுப்பில். அவர் தள்ளாடும் முன்பே அவள் கை போய் நின்றது. அவரை உட்காரவைத்துவிட்டு வந்து அண்ணியின் தோளை அழுத்திப் பார்த்தாள், தூக்கச் சொன்னாள், சுழற்றச் சொன்னாள். "பெருசா ஒண்ணுமில்ல அண்ணி, வெந்நீர் ஒத்தடம் குடுங்க" என்றாள். கைபேசி அவளிடம் இல்லை. சல்லடை கழிப்பறைக்குள் போய்த் தன் கைபேசியைத் திறந்தாள். மைனாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை பளிச்சென்று எரிந்தது.

அகப்பட்டுக்கொண்டாள்! யாரோ கெட்டிக்காரனிடம் கணக்கைக் கொடுத்து ஆடவைக்கிறாள். அது விதிமீறல். அலுவலகம் திரும்பும் பேருந்திலேயே, 'பணியிடத்தில் இருக்கும்போது இவருடைய கணக்கை வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். அனுப்பியதும் நெஞ்சில் ஒரு நிம்மதி. கூடவே வாயில் ஒரு கசப்பு.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில் மைனா தட்டில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் வீடே அடைத்துப்போன மாதிரி இருக்கும்.

"என்ன மைனா?" என்றான் அண்ணன். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை அறுக்கிறவன். வீட்டில் அதிகம் பேசாத ஆள்.

"என் கணக்கை முடக்கிட்டாங்கண்ணா. நான் வேலைல இருக்கும்போது வேற யாரோ ஆடறாங்களாம். ஞாயித்துக்கிழமை இறுதிப் போட்டி."

சல்லடை தண்ணீர் குடிப்பதுபோல் தம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவள் கண்களையே பார்த்தாள். திருடியின் கண்கள் எப்படி ஓடும் என்று அவளுக்குத் தெரியும். இவை ஓடவில்லை. ஓடியவை தன் புருஷனின் கண்கள். டேப்லெட் இருந்த மூலைக்கு ஓடி, தட்டுக்குத் திரும்பின.

"செவ்வாய்க்கிழமையா?" என்றான் அவன். "அது... நான்தான்."

"நீங்களா?" சல்லடைக்குப் புரையேறியது.

"ஆடல. சத்தியமா ஆடல. டேப்லெட்ல மைனா கணக்கு திறந்தே இருந்துச்சு. அவ பழைய ஆட்டமெல்லாம் அதுல ஓடும். செவ்வாய்தான் கடைக்கு லீவு, வீட்ல சும்மாதானே இருக்கேன்னு ஒவ்வொண்ணா பார்த்தேன்."

"எதுக்குங்க?"

அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். "சாயங்காலமானா நீங்க ரெண்டு பேரும் யானை, தவளைன்னு பேசறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல. கேட்டா, 'உங்களுக்கு இதெல்லாம் ஏறாது'ங்கற. கொஞ்சம் கத்துக்கிட்டு வந்து உக்காரலாம்னு பார்த்தேன்."

சல்லடை பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். கைகழுவிய கையோடு, புகாரைத் திரும்பப் பெறுவதாக நிறுவனத்துக்கு எழுதினாள். பரிசீலனை முடிய சில நாட்கள் ஆகும் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இறுதிப் போட்டி. மைனா இல்லாத நிலையில் குழுவின் சார்பில் தலைவிதான் ஆட வேண்டும். மூன்று ஆட்டம், இரண்டில் ஜெயித்தவருக்குக் கோப்பை. சல்லடை கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மைனா ஒரு முக்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"நான் சொல்லச் சொல்ல ஆடறீங்களா அண்ணி? கைதான் மாறக்கூடாதுன்னு விதி. வாய்க்குத் தடை இல்ல."

"சரி."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. அன்னைக்கு உங்க தோள்ல வலி இல்ல. வலிக்குதுன்னு சொன்ன கையாலதான் பையைத் தூக்கிட்டுப் போனீங்க. புகார் யார் குடுத்ததுன்னு எனக்குத் தெரியும்."

சல்லடை வாயைத் திறப்பதற்குள் திரையில் முரசு அடித்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

"யானையை இறக்காதீங்க. பொறுங்க" என்றாள் மைனா.

எதிரி இடதுபாதையில் ஒரு ராட்சசனை அனுப்பிவிட்டான். பொறுப்பதா? இவள் பழிவாங்க நினைத்தால் இதைவிடத் தோதான நேரம் உண்டா? குழுவினர் அத்தனை பேரும் அவரவர் கைபேசியில் பார்க்கத் தலைவியைத் தலைகுப்புற விழவைக்க ஒரு 'பொறுங்க' போதாதா? சல்லடை யானையை இறக்கினாள். ராட்சசனும் யானையும் முட்டிக்கொண்டு நிற்க, எதிரி அந்த இடைவெளியில் வலதுபாதையில் புகுந்தான். கோட்டை சரிந்தது.

மைனா முக்காலியை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். ஏசியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாவது ஆட்டம். மறுபடியும் ராட்சசன்.

"பொறுங்க" என்றாள் மைனா, அதே குரலில்.

சல்லடையின் கட்டைவிரல் யானைமேல் போய் நின்றது. கண்ணை ஒரு கணம் மூடி, விரலை எடுத்தாள்.

"ராட்சசனை இறக்கினதுல அவன் குழாய் காலி. அது நிரம்புற வரைக்கும் அவனால வேற எதையும் இறக்க முடியாது. ராட்சசன் மெதுவாத்தான் வருவான், வரட்டும். உங்ககிட்ட சும்மா கிடக்கானே ஒல்லி வில்லாளன், அவனை வலதுபக்கம் விடுங்க. போன மாச மாற்றத்துல அவன் அம்பு தூரமாப் போற மாதிரி பண்ணிட்டாங்க. அறிவிப்புல இருந்துச்சு, யாரும் படிக்கல."

சல்லடையும் படிக்கவில்லை. அறிவிப்பு வந்தால் மூடிவிட்டு நேராகக் கடைக்குப் போவதுதான் அவள் வழக்கம். ஒல்லி வில்லாளனை விட்டாள். அவன் எட்டவே நின்று எதிரியின் கோட்டையைக் கொத்திக்கொண்டே இருந்தான். ராட்சசன் இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் அந்தப் பக்கம் எல்லாம் முடிந்துபோனது.

மூன்றாவது ஆட்டத்தில் சல்லடை தானே எதிரியின் சக்தியை மனசுக்குள் கணக்கிட ஆரம்பித்தாள். அலுவலகத்தில் எதிரே இருப்பவர் சொல்வதைச் சொல்லச் சொல்ல ஒத்துப்பார்க்கிற அதே வேலைதான். இங்கே ஆளை வெறுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். இரண்டு இடத்தில் கணக்குத் தப்பியது. "இப்ப" என்று மைனா ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இழுபறியாக இழுத்து, கடைசிச் சொட்டில் எதிரிக் கோட்டை சாய்ந்தது. உள்ளறையிலிருந்து கைதட்டல் கேட்டது. மூக்குக்கண்ணாடிக்காரன் டேப்லெட்டில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

சல்லடை திரும்பினாள். "மைனா, நான் பண்ணினது..."

"தப்புதான் அண்ணி" என்று இடைமறித்தாள் மைனா. சிரிக்கவில்லை. "எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வேற வீடு பார்க்கலாமான்னுகூட நெனச்சேன். இனிமே எது தோணினாலும் என் மூஞ்சியப் பார்த்துக் கேட்டுடுங்க. பின்னாடி போகாதீங்க."

"கேக்கறேன்."

"சத்தியமா?"

சல்லடை கொஞ்சம் தயங்கினாள். "அப்போ இப்பவே ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"முதல் ஆட்டத்துல நீ சொன்னபடி பொறுத்திருந்தா ஜெயிச்சிருப்போமா?"

மைனா கைபேசியை வாங்கி, அந்த ஆட்டத்தை மறுபடி ஓடவிட்டாள். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இல்ல அண்ணி. அந்த ஆட்டத்துல ராட்சசனை இறக்கின பிறகும் அவன் குழாய்ல மிச்சம் இருந்திருக்கு, பொறுத்திருந்தாலும் தோத்திருப்போம். அது என் தப்புக் கணக்கு."

சல்லடை அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு நாற்காலியில் நகர்ந்து இடம் விட்டாள். "முக்காலி ஆடுது. இங்க வந்து உக்காரு" என்றாள்.