பை இருந்த இடம்

சட்டையின் முதுகை மேலிருந்து கீழாகக் கத்தரித்துக்கொண்டிருந்தார் தையல்காரர். விறைத்துப்போன கையை மடக்கிச் சட்டைக்குள் நுழைக்க முடியாது. பின்பக்கத்தைப் பிளந்துவிட்டால் முன்னாலிருந்து மாட்டி, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிவிடலாம். எத்தனையோ சாவு வீடுகளுக்கு இப்படிக் கத்தரித்துக் கொடுத்த கைதான். சொந்தப் பிள்ளைக்கு, மீசை அரும்பாத பிள்ளைக்கு, கத்தரிக்கும் என்று யார் கண்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை பாதி வரை பிளந்தபோது வாசலில் நிழல் தட்டியது.

குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மகன் நின்றான். பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். கையில் புதிதாய் மடித்த சாம்பல் நிறச் சட்டை ஒன்று. அவனுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆணும் பெண்ணும் அதே சாம்பல் சட்டை, காதுக்கு மேல் ஒட்ட வெட்டிய அதே தலை. வரிசையின் நடுவில் தையல்காரரின் மகளும் நின்றாள். உள்ளே தம்பி கிடக்கிறான், இவள் வெளியே இவர்களோடு நிற்கிறாள்.

"அங்கிள், இதைப் போட்டு விடுங்க," என்றான் செயலாளர் மகன். "அவனும் எங்கள மாதிரியே போகட்டும்."

சுவரில் சாய்ந்து கிடந்த மனைவி தலையைத் தூக்கினாள். "அதையே போடுங்க. அவன் ஆசைப்பட்டதுதானே," என்றாள். கூட நின்ற மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்தக் காலத்தில் இப்படியும் பாசமான பிள்ளைகளா என்றார். தையல்காரர் நீலச் சட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சாம்பல் சட்டையை வாங்கிக்கொண்டார். நன்றி என்றுகூடச் சொன்னார்.

போன கோடை விடுமுறையில் தொடங்கியது இது. நகரம் முடிகிற இடத்தில், ஒரே மாதிரி கட்டி ஒரே சுண்ணாம்பு அடித்த வீடுகள். அங்கே திடீரென்று பிள்ளைகள் எல்லாம் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள். முதலில் தலையை வெட்டிக்கொண்டார்கள். பிறகு கைப்பேசியைத் தாங்களாகவே பெற்றோரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெற்றவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. திட்டினாலும் எழாததுகள், யூனிஃபார்ம் போடச் சொன்னால் மூக்கால் அழுததுகள், தானாக ஒரே சட்டையில் திரிகின்றன என்று வாய் ஓயாமல் பெருமை பேசினார்கள். அடுத்து, சட்டையில் பை கூடாது என்று வந்தார்கள். நாங்கள் எதையும் வைத்துக்கொள்வதில்லை, எங்களில் ஒருத்தருக்குத் தனியாக எதுவும் கிடையாது என்றார்கள். எல்லாச் சட்டைக்கும் பையைப் பிரித்துக் கொடுத்தது தையல்காரர்தான். வேலை வந்தது, அவருக்கும் சந்தோஷம். "பாக்கெட் இல்லாட்டி உங்கப்பன் காசு தர வேண்டியதில்லையேடா," என்று சிரித்துக்கொண்டே பிரித்தார். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நகைச்சுவை புரியாத பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டார்.

சின்னவன் சட்டையில் மட்டும் அவர் கை வைக்கவில்லை. அவனுக்கு இளைப்பு. இன்ஹேலர் இல்லாமல் மாடிப்படி ஏற மாட்டான். "பையைப் பிரிச்சிருப்பா, என்ன மட்டும் யாருமே பாக்க மாட்டேங்கறாங்க," என்று மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்தான். யாரும் பார்ப்பதில்லை என்றது சும்மா பேச்சில்லை. அவன் எதிரே வந்தால் தெருவில் ஒரு மின்கம்பம் நிற்பதுபோல விலகிப் போனார்கள். பேச்சு முகத்துக்கு நேரே நின்றுபோனது. வீட்டுக்குள் அக்காவும் அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டை அவனைத் தாண்டி அம்மாவிடம் நீட்டினாள். பெரியவளுக்குத் திமிர், நாலு நாளில் சரியாகும் என்று மனைவி சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

நேற்றுக் காலையில் சின்னவன் சிரித்துக்கொண்டே ஓடப் போனான். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றவர், அவன் நெஞ்சைப் பார்க்கவில்லை.

தண்ணீர்த் தொட்டிக் காவல்காரர்தான் அவனைக் கண்டெடுத்தவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் தொப்பியைக் கசக்கிக்கொண்டே சொன்னார். பையன் தொட்டி மேட்டில் உட்கார்ந்திருந்தான், பிள்ளைகள் அவனைத் தாண்டித்தான் ஓடினார்கள், சுற்றி வந்து மறுபடியும் தாண்டினார்கள், ஒருத்தரும் நிற்காததால் சும்மா இளைப்பாறுகிறான் என்று நினைத்துவிட்டேன், ஐயா. அப்போது தையல்காரர் காதில் அது ஏறவில்லை. காவல்காரர் உளறுகிறார் என்று நினைத்தார்.

இப்போது பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவர் கையைத் தொட்டார்கள். "கடைசி வரைக்கும் அவன் எங்களோடதான் ஓடினான்," என்றான் முதலாவது வந்தவன். அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவனும். ஏற்றமில்லை, இறக்கமில்லை, அச்சில் வார்த்த வாக்கியம். தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு கை தொட்டபோது மட்டும் நிமிர்ந்தார். விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள். மகள்.

"கடைசி வரைக்கும் அவன் எங்களோடதான் ஓடினான்," என்றாள் அவள். அப்பா என்ற வார்த்தை முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

காவல்காரர் சொன்னது அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறை கட்டிலடியில் கிடந்தது. அதிலிருந்து சின்னவன் ஓடும்போது போட்டிருந்த சட்டையை உதறி எடுத்தார். வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்த சாம்பல் துணி. இடது நெஞ்சில் மட்டும் வெளுக்காத ஒரு சதுரம், புதுத்துணி நிறத்தில். சட்டையைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். பழக்கமில்லாதவர்கள் பையை இழுத்துப் பிய்ப்பார்கள், துணி கிழியும். இங்கே மூலை முடிச்சுகளை முதலில் அறுத்து, உள்பக்கமாகவே பிளேடை ஓட்டி, ஓர் இழைகூடச் சேதமாகாமல் பிரித்திருந்தது. இந்த வீட்டில் அப்படிப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொருத்திக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

மெஷின் இழுப்பறையைத் திறந்தார். நூற்கண்டுகளுக்கு அடியில் அந்தப் பை, நாலு விளிம்பும் சுருங்காமல் மடித்து வைத்திருந்தது. மேலே இன்ஹேலர்.

மகளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப்போனார். சட்டையைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள்.

"நீயா பிரிச்சே?"

"அவன்தான் கெஞ்சினான்."

"அவன் கெஞ்சுவான்மா. அவனுக்கு என்ன தெரியும். இந்த இன்ஹேலர உன் கையில வச்சிருந்திருக்கலாமே."

"நாங்க எதையும் கையில வச்சிக்கறதில்ல."

"அவன் உட்கார்ந்தப்ப நீ பாத்தியா?"

குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழுதடு ஒருமுறை இழுத்துக்கொண்டது. சின்ன வயதில் விழுந்து அடிபட்டால் அழுகைக்கு முன்னால் அப்படித்தான் இழுக்கும். தையல்காரர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார். ஒருத்தன் போய்விட்டான். இருப்பது இவள் ஒருத்தி. அழுதாளானால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"அழுடி," என்றார். "என்ன அடிச்சிக்கூட அழு."

கூடத்திலிருந்து செயலாளர் மகன் மெல்லச் செருமினான். அவ்வளவுதான். உதடு நேரானது. அவள் அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு போய் வரிசையில் தன் இடத்தில் நின்றாள்.

தையல்காரர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். செயலாளர் மகன் கொடுத்த சாம்பல் சட்டையை விரித்து, அந்தப் பையை இடது நெஞ்சில் வைத்துத் தைக்க ஆரம்பித்தார். சாவு வீட்டில் மெஷின் சத்தம் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். மச்சான் ஓடிவந்து தோளைத் தொட்டார்.

"அங்கிள், பை வேண்டாம்," என்றான் செயலாளர் மகன். குரலை உயர்த்தவில்லை. அவன் அப்பா சங்கக் கூட்டத்தில் பேசுகிற மாதிரி, நயமாக.

"அவனுக்கு வேணும் தம்பி."

"அவன் எங்கள்ல ஒருத்தன் அங்கிள்."

"அதான் செத்துட்டானே," என்றார் தையல்காரர்.

மெஷின் ஓடி முடிந்தது. நூலைப் பல்லால் கடித்தார். சட்டையின் முதுகைப் பிளந்து, பிள்ளைக்குக் கை கையாக மாட்டினார். இன்ஹேலரைப் பையில் போட்டு, வெளியே விழாதபடி ஒரு தட்டுத் தட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தினமும் தட்டுகிற தட்டு. மனைவி அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

வண்டி புறப்பட்டபோது பிள்ளைகள் அதற்கு முன்னால் போய் இரட்டை வரிசையாக நடந்தார்கள். வழிவிட்டு நின்ற தெருக்காரர்கள், எவ்வளவு ஒழுங்கு பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். செயலாளர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தையல்காரர் வண்டிக்குள் பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சாம்பல் முதுகுகள். அத்தனை தோளுக்கும் அளவு நாடா வைத்தவர் அவர். எவன் தோள் சரிவு, எவள் கழுத்து குட்டை எல்லாம் மனப்பாடம். ஆனால் இப்போது ஒரே அடியில் எழுந்து விழுகிற கால்களுக்கு மேலே எது தன் மகளின் முதுகு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பக்கக் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "பெரியவளே," என்று கூப்பிட்டார்.

ஒரு தோள் லேசாகத் தயங்கியதுபோல இருந்தது. பிறகு அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து ஏறி இறங்கியது.