டம்ளருக்கு அடியில் தேயிலை

வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்காமல் வைத்துக்கொண்டு வகுப்பில் நின்றார் இயற்பியல் பேராசிரியை. காலையில் கணவர் சொன்ன யோசனை அது. "கேள்வியும் நீயே கேட்டு, பதிலும் நீயே சொல்லிடறே. வாயில தண்ணிய ஊத்திக்கோ, அப்பவாவது பிள்ளைங்க பேசட்டும்."

முதலாண்டு செமினாரில் மேடை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கேள்வியை நடுவில் வைத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பெரிய அரங்கில் மழையாகப் பொழிந்து பழகியவருக்கு இந்த ஒதுங்கல்தான் வரவில்லை. பிள்ளைகளும் இதுவரை வாய் திறக்கவில்லை. "இன்னிக்கும் யாரும் பேசலைன்னா, பழையபடி விரிவுரையே நடத்துங்க மேடம்" என்று சொல்லிவிட்ட துறைத்தலைவர், அறையில் இருந்த ஒரே சுழல் நாற்காலியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

மேஜையில் ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர். அடியில் நனைந்த தேயிலை. பேராசிரியை கரண்டியால் சுழற்றிக் கலக்கிவிட்டு எடுத்தார். சுற்றுகிற பொருள் வெளியே ஓடத்தானே பார்க்கும்? தேயிலையோ நட்டநடுவில் வந்து குவிந்தது. கரும்பலகையில் 'ஏன்?' என்று மட்டும் எழுதினார்.

பிள்ளைகள் டம்ளரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பேராசிரியைக்குப் பதில் தொண்டை வரை வந்து, வாயிலிருந்த தண்ணீரில் முட்டி நின்றது.

"வட்டத்துல கடைசி பெஞ்சு எதுடா?" என்று முணுமுணுத்தான் நெட்டையன் ஒருவன்.

"நீ உக்காந்திருக்கியே, அதுதான்" என்றாள் பக்கத்திலிருந்த சுருட்டைமுடி மாணவி. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் எழுந்துபோய் அவளே ஒருமுறை கலக்கிப் பார்த்தாள். "மேல தண்ணி வேகமா சுத்துது. அடியில மந்தமா இருக்கே. டம்ளரோட தரை பிடிச்சு இழுக்குதோ?"

நெட்டையன் குனிந்தான். "அப்ப அடித்தண்ணிக்கு வெளிய ஓடத் தெம்பு இல்ல. ஓரத்துல தண்ணி ஏறி நிக்குது பாரு, அந்த பாரம் அதை உள்ள தள்ளுது."

"தள்ளும்போது தேயிலையும் கூடவே போகுது!"

அரைப்பலகை நிறையத் தாம் எழுதியிருக்கக்கூடியதை இரண்டு பேர் குனிந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டதைக் கண்டு பேராசிரியைக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இருடா" என்றாள் சுருட்டைமுடி. "தண்ணிய விட்டுட்டு டம்ளரையே சுத்தினா?"

பேராசிரியை மடக்கென்று தண்ணீரை விழுங்கினார். இத்தனை வருடப் பாடத்தில் ஒருநாளும் அவருக்குத் தோன்றாத கேள்வி. "எனக்குத் தெரியலையே" என்றார். வட்டம் முழுக்க அவரையே பார்த்தது.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்களேன்" என்று கேட்டு, துறைத்தலைவரின் நாற்காலியை நெட்டையன் உருட்டிக்கொண்டு வந்தான். அதன் மையத்தில் ஒரு சிறு மரப்பலகை வைத்து, அதன் மேல் டம்ளரை வைத்து, மெதுவாகச் சுற்றினான். நடுவில் குவிந்திருந்த தேயிலை விலகி விலகி ஓரத்துக்கு ஓடியது.

"இப்ப தரை முந்திக்கிச்சு! அடித்தண்ணிதான் முதல்ல சுத்துது, அதான் வெளிய ஓடுது!" என்று கத்தினாள் சுருட்டைமுடி.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!"

நாற்காலி நின்றது. தண்ணீர் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. தேயிலை ஒவ்வொன்றாக நடுவுக்குத் திரும்பியது.

எல்லோரும் டம்ளரைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். துறைத்தலைவர் தரையில் முழங்கால் போட்டு, டம்ளருக்கு நேராக முகத்தை வைத்திருந்தார்.

"இந்த வகுப்பு இப்படியே நடக்கட்டும் மேடம்" என்றார், கண்ணை எடுக்காமல். "தம்பி, இந்தத் தடவை எதிர்ப்பக்கமா சுத்து."

பேராசிரியையும் அவருக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டார்.