ஈரத்துக்கு இரண்டு கிலோ

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அன்று நான்கு பேர் இருந்தோம். தராசடியில், ஸ்டூலில் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம். வாசற்படியில் மீனம்மா பெரியம்மா. சாக்குக் குவியலின் மேல் கிருஷாந்தி. கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்து வாங்குப் பலகையில், இளைஞர் கழகச் செயலாளராக நான்.

உப்புத் தண்ணீரை வெயிலால் நல்ல தண்ணீராக்கும் போட்டி எனக்கும் கிருஷாந்திக்கும்தான். கண்ணாடி மூடிய பெட்டியில் உப்புத் தண்ணீர். அதில் மிதக்கும் கறுப்புத் தட்டு வெயிலில் சூடேறி ஆவி எழுப்பும். கண்ணாடியில் படியும் நல்ல தண்ணீர் கேனுக்கு வடியும். ஏழு நாளில் யாருடைய கேன் அதிகம் கனக்கிறதோ, அவருக்கு மன்னாரில் உப்புக் கிணறுகளைச் சுத்திகரிக்கும் நிறுவனத்தில் வேலை. முடிவை நிறுவனத்துக்குக் கடிதமாக அனுப்புவது என் பொறுப்பு. போட்டியிடுபவளே எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை; தோட்டத்தில் கடிதம் என்றால் நான்தான்.

என் தட்டுக்காக, ஹட்டனில் வாங்கிய ஸ்பொஞ்சுக்குக் கறுப்புச் சாயம் போட்டேன். கொழுந்தெடுக்கும் கிருஷாந்தியோ கழிவுத் தேயிலையைக் கரியாக்கி, சாக்கில் தேய்த்து, ரெஜிபோம் அட்டையில் ஒட்டி மிதக்கவிட்டாள். லயத்து வீடுகளின் சனமே அவள் பெட்டியைச் சுற்றித்தான் நின்றது.

"வினோதா, ஒன்னோடதுல வடியிறது தண்ணியா, வேர்வையா?" என்று என்னைச் சீண்டினார் மீனம்மா பெரியம்மா.

என் கேன் இருபது கிலோ. அடுத்து அவளுடையது ஏறியது. தராசின் எண் கணக்கப்பிள்ளையும் நானும் இருந்த பக்கம்தான் தெரியும். இருபத்தொன்று.

கேனின் வெளிப்புறம் நனைந்திருந்தது. "ஈரத்துக்கு ரெண்டு. பத்தொம்பது," என்றார் கணக்கப்பிள்ளை. மழைநாள் கொழுந்துக்குக் கழிக்கிற அதே வாய்ப்பழக்கம். தினமும் கேட்கிற வார்த்தை. யாரும் தலை தூக்கவில்லை. தண்ணீரில் போய் ஈரத்தைக் கழிக்கிறாரே என்று எனக்கு மட்டும் உறைத்தது.

"பரவால்லக்கா, நீங்களே போங்க," என்றாள் கிருஷாந்தி. அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். திகதி, பெயர்கள், பிறகு எடை. எனக்கு 20. அவளுக்கு 19 போடப் போனபோது கை நின்றது. ஈரக் கழிவை நிறுத்தச் சொல்லிப் போன வருடம் தோட்ட நிர்வாகத்துக்கு மூன்று மனு எழுதிய கை அது. 'இல்லாத ஈரத்துக்கு எங்கள் உழைப்பைக் கழிக்கிறார்கள்' என்பது என்னுடைய வசனம்.

அவள்மேல் இரக்கம் ஒன்றும் வரவில்லை. மன்னார் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே வயிறு எரிந்தது. ஆனாலும் 21 என்றே எழுதி, கழித்தது ஏன் செல்லாது என்று கீழே விளக்கமும் வைத்தேன். அவள் கெட்டிக்காரி என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

உறையை ஒட்டி, மனம் மாறுவதற்குள் தபாற்கந்தோருக்கு நடந்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.