தனிக்குரல்: பிறகு அறிவிக்கப்படும்

ஊரில் எந்த மண்டபத்தில் யார், எத்தனை மணிக்குப் பாடப்போகிறார்கள் என்பதைப் பதினெட்டு வருஷமாகப் பத்திரிகையில் எழுதிவந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை இணைப்பின் கடைசிப் பக்கம், 'வரவிருக்கும் கச்சேரிகள்'. பியானோக்காரர் ஒருவர் வருகிறார், வயலின் குழு ஒன்று வருகிறது, கதவு ஆறரைக்குத் திறக்கும், இந்த மாதிரி. அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே கச்சேரிக்காரர்தான். வேடிக்கை என்னவென்றால், மனுஷன் அதில் பாதிக் கச்சேரிக்குக்கூடப் போனதில்லை. போய் உட்கார்ந்தால் பத்தாவது நிமிஷம் கண் சொக்கிவிடும்.

அவர் மனைவி அப்படியில்லை. பகலெல்லாம் தபால் நிலையக் கவுண்டரில் முத்திரை குத்திவிட்டு, வாரம் இரண்டு நாள் நகரச் சேர்ந்திசைக் குழுவுக்கு ஓடுகிறவள். அறுபது பேரில் ஒருத்தியாக, இரண்டாம் வரிசையில், பதினோரு வருஷம். இந்தத் தடவை ஆண்டுக் கச்சேரியில் ஒரு பாட்டின் நடுவே மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, ஒரே ஒரு குரல் நான்கு நிமிஷம் தனியாகப் பாடவேண்டும். அதற்கு அவளும் பெயர் கொடுத்திருந்தாள். மூன்று மாதமாகப் பாத்திரம் கழுவினாலும் அதே பாட்டு, துணி மடித்தாலும் அதே பாட்டு. கிடைத்தால் பார்ப்போம் என்று வாய்தான் சொல்லிற்று. ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அந்தக் குழுவை நடத்தும் டீச்சருக்கு ஒரு முறை உண்டு. சனிக்கிழமை மாலை பெயர் கொடுத்த எல்லோரும் சீட்டு எடுத்து, எண் வரிசைப்படி பாடவேண்டும். டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார். எந்த எண் யார் என்பது செயலாளரின் தாளில் மட்டும். பாட்டு முடிந்ததும் யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். காலையில் எழுந்ததும் எந்தக் குரல் காதில் மிச்சம் இருக்கிறதோ அந்த எண்ணை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஞாயிறு ஒத்திகைக்குக் கொண்டுவருவார். ராத்திரி தாண்டாத குரல் மேடைக்கு ஆகாது என்பது அவர் கட்சி. யாரும் யாருக்கும் காக்கா பிடிக்க முடியாது.

நம்ம ஆள் பிடித்தார்! ஞாயிறு இணைப்பு வெள்ளிக்கிழமையே அச்சுக்குப் போய்விடும். செயலாளர் அனுப்பிய குறிப்பில் 'தனிக்குரல்: பிறகு அறிவிக்கப்படும்' என்று இருந்தது. அந்த 'பிறகு அறிவிக்கப்படும்' என்பதை அழித்துவிட்டு மனைவியின் பெயரைத் தட்டினார். எப்படி இருக்கிறதென்று பார்க்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பார்த்தார். அழகாக இருந்தது. அச்சில் வந்ததை யார் மாற்றப்போகிறார்கள், டீச்சரும் பேப்பர் படிக்கிறவர்தானே என்று ஒரு கணக்கு. பக்கத்தை அப்படியே அனுப்பிவிட்டு, பெரிய உபகாரம் செய்துவிட்டவர் மாதிரி வீட்டுக்குப் போனார். ஒரு மனுஷன் சும்மா இருந்தால் எவ்வளவு நல்லது!

ஞாயிறு காலை பேப்பரைப் பிரித்தவள் முகம் வெளுத்துவிட்டது. அவரைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கம் வடிவமைக்கிற பெண் ஏதோ குளறுபடி பண்ணிவிட்டாள் போலிருக்கிறது என்றார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

"பாவங்க, அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லிடாதீங்க. நான் போய் பேசிக்கிறேன்" என்றாள்.

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

காரில் அவளைக் கொண்டுவிட்டவர், என்ன ஆகுமோ என்ற பயத்தில் தானும் உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடக் கூடம் அது. பத்துப் பதினைந்து பேர் கையில் பேப்பர். பேச்சு சட்டென்று நின்றது. அவளோடு போட்டிக்குப் பாடியவர்களில் ஒரு பல் டாக்டரம்மா உண்டு, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிற ரகம். அவர்தான் ஆரம்பித்தார்.

"முன்னாடியே முடிவாயிடுச்சுன்னா, நேத்து எங்கள எதுக்கு வரச் சொன்னீங்க?"

மனைவி வரிசையை விட்டு முன்னால் போனாள். தனக்கு எதுவும் தெரியாது என்றாள். தன் பெயரைத் தேர்விலிருந்து எடுத்துவிடும்படி கேட்டாள்.

டீச்சர் அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, உறையைக் கிழித்தார். எண் நான்கு. செயலாளரின் விரல் தாளில் இறங்கி ஒரு பெயரில் நின்றது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையிலேயே கூடத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நீதாம்மா அது. எனக்கு இந்த பேப்பரெல்லாம் தெரியாது, காதுதான் தெரியும். நீயே பாடு" என்றார் டீச்சர்.

அவள் தலையாட்டி மறுத்தாள். "இனிமே நான் பாடினா பாட்டு கேக்காது டீச்சர். எல்லாருக்கும் பேப்பர்தான் கேக்கும்."

தனிக்குரல் பல் டாக்டரம்மாவுக்குப் போயிற்று. அந்த அம்மாவுக்கே அது சந்தோஷமாக இல்லை. மனைவி இரண்டாம் வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பிப்போய் நின்றாள்.

கச்சேரிக்காரர் எழுந்து, நான்தான் செய்தேன், அவளுக்குத் தெரியாது என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நாலே நாலு வார்த்தை. அறுபது பேர் இருந்தார்கள். எழுந்திருக்கவில்லை. தன்னைப் போல ஒரு கோழை இந்தக் கூடத்தில் வேறு யாரும் இல்லை என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். காதெல்லாம் சூடேறிப்போயிருந்தது.

வீடு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டார். அந்தப் பெண் மேல் தப்பில்லை, நான்தான் போட்டேன், உனக்காகத்தான் போட்டேன் என்று மடமடவென்று கொட்டினார். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"எப்ப போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"நான் பாடினது சனிக்கிழமை." கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "மூணு மாசம் இதே வீட்லதானே பாடினேன். நீங்க போட்டாத்தான் உண்டு, நானா பாடி எனக்குக் கெடைக்காதுன்னு முடிவே பண்ணிட்டீங்க இல்ல?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் காத்துக்கொண்டு நின்றாள். நல்ல பொய் ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை.