யாரும் தொடாத உறை

அப்பா என் கணவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், அந்தப் பெருநாளில் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான பிறகு வரும் முதல் சீன வருடப் பிறப்பு. தன் பெற்றவர்களை விட்டுவிட்டு எங்களோடு சாப்பிட எங்கள் ஊர் லுவோயாங்வரை வந்திருந்தான் பெய்லின். அப்பாவோ அவனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் என்னிடம் சொன்னார். தேநீர் வேண்டுமா என்பதைக்கூட.

போதாக்குறைக்கு அந்தச் சிவப்பு உறைகள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு என் அண்ணன் ஜுன்ஷெங் போனில் குடும்பக் குழுவுக்குப் பண உறை அனுப்புவான். முந்தித் தொடுகிறவர்களுக்குத்தான் பங்கு; ஆள் கணக்குக்கு வேண்டுமென்றே ஒரு பங்கு குறைத்துத்தான் போடுவான். எல்லாரும் எண்ணெய்க் கையோடு திரையைக் குத்துவோம். பெய்லின் கண்ணாடியைச் சரிசெய்து, உறைமேல் எழுதிய வாழ்த்தைப் படித்துவிட்டுத் தொடுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

“என்ன மச்சான், பரீட்சையா எழுதுற? படிக்காத, குத்து,” என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்தாள். பெய்லினுக்குக் காது சிவந்துவிட்டது. கொழுக்கட்டை ஆறிக்கொண்டிருந்தது, அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு யுவான் பெறாத பங்குக்கா இந்தப் பாடு? ஆனால் ஒவ்வொரு முறையும் ஏமாந்தவனிடம் அதைச் சொல்ல முடியுமா?

அப்போது அப்பா தன் போனை எடுத்தார். அண்ணனும் அண்ணியும் போன்களைக் கவிழ்த்து வைத்தார்கள். இறந்துபோன அம்மாவின் எண் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறது. வருடா வருடம் இந்த நேரத்தில் அவள் பெயர் எழுதி அப்பா ஓர் உறை போடுவார். உயிரோடு இருந்தபோதே அம்மா அதைத் திறந்ததில்லை. வீண் செலவு என்று திட்டுவாள். திறக்காத பணம் மறுநாள் அப்பாவுக்கே திரும்பிவிடும். இப்போதும் அப்படித்தான். நாங்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

பெய்லினிடம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவன் குத்திவிட்டான்.

“கெடச்சிருச்சு! முழுசா இருநூறு!”

நான் அவன் காலை மிதித்தேன். அப்புறம்தான் உறைமேல் எழுதியிருந்ததைப் படித்தான்: ‘சூயுன், உனக்கு ஏதாவது வாங்கிக்கோ.’ முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அந்த இருநூறை அப்பாவுக்குத் திருப்பி அனுப்பினான். அப்பா அதைத் திறக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இந்த ஜென்மத்தில் அவர் இவனோடு பேசப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“வருஷா வருஷம் இது திரும்பி வர்றதப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு,” என்றார் அப்பா. என்னிடமல்ல, பெய்லினிடம். “நீயே வச்சுக்கோ மாப்பிள்ளை. அவ பேரச் சொல்லி ஏதாவது வாங்கிக்கோ.”

பிறகு, ஆறிப்போன அவன் தட்டை எடுத்துக்கொண்டு சூடுபண்ண அடுக்களைக்குள் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை.