சுவரில் ஏறிய மிளகுக்கொடி

மிளகு பறிக்கும்போது ஏணி சறுக்கி விழுந்ததில் செங்கோடனுக்கு வலது தோள் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் மேலே போகவில்லை. சுவரில் விரல்களை வைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோள் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் ஏற்றவில்லை. ஊரே மிளகு பறித்துக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பக்க ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தான்.

"சித்த கையத் தூக்குங்க."

"தூக்கி யாருக்குக் கும்பிடு போட?"

அவன் மனைவி பானுமதி அதற்குமேல் கேட்பதில்லை.

அவள் உல்லன் நூலில் சுவரில் மாட்டும் தொங்கல்கள் பின்னுகிறவள். இலை, கொடி, பாசி படிந்த பாறை. சேலத்துக் கடைக்காரர் ஒருவர் வாங்கிப்போய் விற்றார். படுக்கும் அறையில் பச்சையாக ஏதாவது இருந்தால் மனசு ஆறுகிறதாம். யார் யாரோ வீட்டுச் சுவருக்கெல்லாம் பின்னியாயிற்று. தன் வீட்டுச் சுவர் வெறும் சுண்ணாம்பாக இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

மிளகுக்கொடி பின்னினாள். ஆள் உயரத்துக்கு ஒரு சில்வர் ஓக் மரம், அதைப் பற்றி ஏறும் கொடி, இலைக்கடியில் தொங்கும் மிளகுச் சரங்கள். உச்சிச் சரத்தில் பச்சை நூல் தீர்ந்துபோனது. மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கினால்தான் நூல் கிடைக்கும். கையிலிருந்த சிவப்பில் கடைசி மணிகளை முடித்து, கட்டிலை ஒட்டிய சுவரில் மாட்டினாள்.

செங்கோடன் அன்று முழுக்க அதையே பார்த்தபடி படுத்திருந்தான். மறுநாள் காலை அவள் கஞ்சியோடு வந்தபோது எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏம்புள்ள, நீ மலையிலதான பொறந்த?"

"ஏனுங்க, அதுல என்ன சந்தேகம்?"

"சரத்துல ஒரு மணி செவந்தாலே பறிச்சரோணும். இங்க கொத்தாச் செவந்து கெடக்குது. குருவி திங்கறதுக்கா?"

"உல்லன எந்தக் குருவிங்க திங்கும்?"

"திங்குதோ இல்லியோ, பாக்கச் சகிக்கல. அதா பாரு, அங்க."

காட்டுவதற்காகக் கை எழுந்தது. மார்பு வரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களைக் கொடியில் ஊன்றினான். விரல்கள் ஓர் இலை உயரம் ஏறின. அடுத்த இலை. சரத்துக்கு ஒரு முழம் கீழே நின்றுவிட்டன. நெற்றி வியர்த்திருந்தது.

பானுமதி கஞ்சியைப் பிடித்தபடி நின்றாள். பேசினால் கை இறங்கிவிடும் என்று பயந்தாள்.

"எட்டல," என்றான்.

"நாளைக்குப் பறிச்சுக்கலாங்க."

"அந்த ஜன்னலத் தொற. இருட்டுல எப்படிப் பறிக்கறது?"

மதியம் அவன் தங்கை அருணா வாசலில் வந்து நின்றாள். முள்ளுக்குறிச்சிக்கு பஸ் பிடிக்கப் போகிறாள்.

"அண்ணி, பச்ச நூலு வேணும்னீங்களே?"

பானுமதி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவன் விரல்கள் மறுபடி கீழ் இலையிலிருந்து தொடங்கியிருந்தன.

"பச்ச வேண்டாங் கண்ணு," என்றாள். "செவப்பு வாங்கிட்டு வா. எச்சாவே, நெறையா வாங்கு."